கீமோ மருந்து எந்த வழியில்? நோயாளியின் விருப்பத்தையும் கேளுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளியின் ஹவுழ் அருகே நின்றிருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் வந்து ஸலாம் சொன்னார். முகம் வாடியிருந்தது.

"ஹஜ்ரத், வீட்ல கீமோ மூணு முடிஞ்சிருக்கு. நாலாவதுக்கு வர மாட்டேன்னு பிடிவாதமா இருக்கா. நீங்க வந்து பொறுமையைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேட்பா" என்றார்.

"ஏன் வர மாட்டேங்கிறாங்கன்னு கேட்டீங்களா?"

சற்று யோசித்தார். "பயம்தான் ஹஜ்ரத். வேற என்ன இருக்கப்போகுது?"

நான் போவதற்கு முன் என் மனைவியை அனுப்பி வைத்தேன். அவர் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்து சொன்ன விஷயம் வேறு. அந்தச் சகோதரிக்கு மரண பயம் இல்லை. முடி கொட்டியதைக்கூட ஏற்றுக்கொண்டுவிட்டார். மூன்றாவது கீமோவின்போது கையில் நரம்பு கிடைக்காமல் ஐந்து இடத்தில் குத்தி, ஆறாவது இடத்தில்தான் ஊசி ஏறியிருக்கிறது. கை வீங்கி, ஒரு வாரம் எரிந்திருக்கிறது. குத்தியவர் இளைஞர். திரைகூட இழுத்து விடாமல், நாலு பேர் பார்க்க முழங்கைக்கு மேல் சட்டையை ஏற்றியிருக்கிறார். "இதையெல்லாம் வாய் திறந்து சொல்ல வெட்கமா இருக்கு. சொன்னாலும், உயிர் பெருசா கை பெருசான்னுதான் கேட்பாங்க" என்று அழுதிருக்கிறார்.

கணவரிடம் இதை எடுத்துச் சொன்னோம். அவர் மருத்துவரிடம் சொன்னார். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்பதுதான். நெஞ்சில் தோலுக்கடியில் 'போர்ட்' என்ற சிறு கருவியைப் பொருத்தினார்கள். அதன் பிறகு கையில் நரம்பு தேடும் வேலையே இல்லை. பெண் நர்ஸ்தான் வேண்டும் என்று கேட்டார்கள், அதுவும் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ், நாலாவதையும், அதற்குப் பிறகு வாராவாரம் போட வேண்டியிருந்த பன்னிரண்டையும் அவர் முடித்தார்.

அந்த வீட்டுக்கு நேராகப் போய்ப் பொறுமையைப் பற்றி உபதேசம் செய்திருந்தால் எவ்வளவு பெரிய தவறு செய்திருப்பேன் என்று இன்றும் நினைப்பதுண்டு. அவரிடம் பொறுமைக்குக் குறைவில்லை. "உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்க ஆள்தான் இல்லை.

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலக அளவிலான மதிப்பீடு சொல்கிறது. இந்தியப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோயும் இதுதான். நம் குடும்பங்களில் ஒருவருக்கு வரும்போது என்ன மருந்து, எவ்வளவு செலவு, எந்த ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றையும் பேசுகிறோம். மருந்து எந்த வழியில் உடம்புக்குள் போகப் போகிறது, அதில் அந்தப் பெண்ணின் விருப்பம் என்ன என்பதைப் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

மருந்து எந்தெந்த வழிகளில் தரப்படுகிறது?

கீமோ என்றாலே ட்ரிப்ஸ் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, கையில் உள்ள இரத்தக்குழாயில் சிறு பிளாஸ்டிக் குழாய் செருகி ஏற்றுவது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் குத்த வேண்டும்.

இரண்டாவது, நெஞ்சிலோ மேற்கையிலோ பல மாதங்களுக்கு நிலையாக ஒரு குழாய் அல்லது கருவியைப் பொருத்தி அதன் வழியே ஏற்றுவது.

மூன்றாவது, தொடையில் தோலுக்கடியில் போடும் ஊசி. சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் போடுவதைப் போன்றது, ஆனால் மருந்தின் அளவு அதிகம். இது எல்லா மருந்துக்கும் கிடையாது.

நான்காவது, வீட்டிலேயே விழுங்கும் மாத்திரை.

"அப்படியென்றால் எல்லாருக்கும் மாத்திரையே கொடுத்துவிடலாமே?" என்று கேட்கத் தோன்றும். அது முடியாது. மார்பகப் புற்றுநோய்க்கு அடிக்கடி தரப்படும் டாக்ஸோரூபிசின் என்ற மருந்தை நம் மக்கள் 'சிவப்பு ஊசி' என்பார்கள். அதை இரத்தக்குழாய் வழியாக மட்டுமே தர முடியும். குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். பாக்லிடாக்ஸல் என்ற மருந்தும் ட்ரிப்ஸாகத்தான் ஏறுகிறது. எனவே எந்த மருந்து தேவை என்பதை நோயின் வகையும் கட்டமும் தீர்மானிக்கின்றன. அது மருத்துவரின் துறை. அந்த எல்லைக்குள் எந்த வழிகள் சாத்தியமோ அவற்றில்தான் நோயாளியின் விருப்பத்துக்கு இடம் உண்டு. அந்த இடம் நாம் நினைப்பதைவிடப் பெரியது.

பெண்களிடம் கேட்டபோது என்ன சொன்னார்கள்?

இதை முறையாகக் கேட்டுப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன.

ஐரோப்பாவையும் வேறு சில பகுதிகளையும் சேர்ந்த 12 நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2013-இல் லான்செட் ஆன்காலஜி இதழில் வெளியானது. 'ஹெர்-2' என்ற புரதம் அதிகமாக உள்ள மார்பகப் புற்றுநோய்க்கு டிராஸ்டுசுமாப் என்ற மருந்து தருவார்கள். மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காட்டினர் இந்த வகையினர். கறாராகச் சொன்னால் இது கீமோ அல்ல, குறிப்பிட்ட இலக்கைத் தாக்கும் மருந்து. ஆனால் கீமோவுடன் சேர்த்தும், அது முடிந்த பிறகும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை வீதம் ஓராண்டு வரை தரப்படுவதால் வீட்டில் எல்லாரும் 'கீமோ' என்றே சொல்வார்கள்.

இதை ட்ரிப்ஸாக ஏற்றினால் முதல் முறை 90 நிமிடம், பிறகு ஒவ்வொரு முறையும் சுமார் 30 நிமிடம் ஆகும். தொடையில் தோலுக்கடியில் போட்டால் சுமார் 5 நிமிடம். அந்த ஆய்வில் ஒவ்வொரு பெண்ணுக்கும் நான்கு முறை ஒரு வழியிலும் நான்கு முறை மற்ற வழியிலும் மருந்து கொடுத்து, பிறகு எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். இரண்டையும் அனுபவித்தவர்களின் பதில் என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். 236 பேரில் 216 பேர் தொடை ஊசியே வேண்டும் என்றார்கள். 16 பேர் ட்ரிப்ஸே மேல் என்றார்கள். 4 பேருக்கு எதுவானாலும் சரி. ஊசியை விரும்பியவர்கள் சொன்ன முக்கியக் காரணங்கள் இரண்டு: நேரம் மிச்சமாகிறது, வலியும் தொல்லையும் குறைவு.

இந்த மருந்து தொடை ஊசியாகப் போட்டாலும் ட்ரிப்ஸுக்குக் குறையாத பலன் தருகிறது என்பது அதற்கு முந்தைய ஆண்டே வேறொரு ஆய்வில் உறுதியாகியிருந்தது. ஆகவே இங்கே விருப்பத்தைக் கேட்பதால் சிகிச்சை பலவீனமாகிவிடாது.

அந்த 16 பேரையும் மறந்துவிடக் கூடாது. பத்துக்கு ஒன்பது பேர் ஒன்றை விரும்பினால் பத்தாவது பெண்ணும் அதையே விரும்புவார் என்று நாமே முடிவு செய்துவிட முடியாது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து ட்ரிப்ஸ் ஏற்றிக்கொள்வதே சிலருக்கு நிம்மதி. பக்கத்தில் நர்ஸ் இருக்கிறார், ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்வார் என்ற தைரியம். அதே நோயோடு வந்திருக்கும் மற்றொரு பெண்ணிடம் மனம்விட்டுப் பேசக் கிடைக்கும் அரை மணி நேரமும் சிலருக்குப் பெரிது.

மாத்திரை: ஆசையும் எச்சரிக்கையும்

கனடாவின் டொரன்டோ நகரில் நடந்த ஓர் ஆய்வு 1997-இல் வெளியானது. குணப்படுத்த முடியாத கட்டத்தில் இருந்த 103 புற்றுநோயாளிகளிடம் ஊசியா, மாத்திரையா என்று கேட்டார்கள். 92 பேர் மாத்திரை என்றார்கள். வீட்டிலேயே இருக்கலாம், நரம்பு தேடிக் குத்தும் வேதனை இல்லை என்பவையே காரணம்.

ஆனால் அடுத்த கேள்விக்குக் கிடைத்த பதில்தான் முக்கியம். "மாத்திரையின் பலன் ஊசியைவிடக் குறைவு என்றால்?" என்று கேட்டபோது 70 விழுக்காட்டினர் அதற்கு உடன்படவில்லை. பலன் நீடிக்கும் காலம் குறையும் என்றால் 74 விழுக்காட்டினர் உடன்படவில்லை. அதாவது, நோயாளிகள் சௌகரியத்தைக் கேட்கிறார்கள், ஆனால் பலனை விட்டுக்கொடுத்து அதைக் கேட்கவில்லை. "பொம்பளைங்க கஷ்டத்துக்குப் பயந்து லேசான வழியைத் தேடுவாங்க" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகத் தரப்படும் மாத்திரை கேப்சிட்டபின். காலையும் மாலையும் உணவுக்குப் பின் அரை மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். பொதுவாக 14 நாள் சாப்பிட்டு 7 நாள் இடைவெளி விடுவார்கள். நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவிய நிலையில் இது நன்கு பயன்படுகிறது. வேறு சில சூழ்நிலைகளிலும் மருத்துவர்கள் தருகிறார்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் இது ஊசிக்கு ஈடாகாது. அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன, ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோயுள்ள 633 பெண்களிடம் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. வயதானவர்களுக்கு மாத்திரை போதுமா என்று பார்ப்பதே நோக்கம். வழக்கமான கீமோ பெற்றவர்களோடு ஒப்பிட, கேப்சிட்டபின் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. "உம்மாவுக்கு வயசாயிடுச்சு, ஊசி தாங்காது, மாத்திரையே போதும்" என்று பிள்ளைகள் தாங்களே முடிவு செய்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த ஒரு ஆய்வு போதும்.

அதே ஆய்வில் இன்னொரு பாடமும் உண்டு. மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒரு பகுதியினரின் டப்பா மூடியில் மின்னணுக் கருவி வைத்து, எப்போது திறக்கிறார்கள் என்று கண்காணித்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர் சாப்பிட வேண்டிய மாத்திரைகளில் 80 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ட்ரிப்ஸ் என்றால் நர்ஸ் கணக்கு வைத்துக்கொள்கிறார். மாத்திரை என்றால் அந்தப் பொறுப்பு வீட்டுக்கு வந்துவிடுகிறது. கல்யாண வீடு, விருந்தாளி, பேரப்பிள்ளை என்று ஓடிக்கொண்டே இருக்கும் நம் பெண்கள் தங்கள் மருந்தைத்தான் முதலில் மறப்பார்கள். மாத்திரையைத் தேர்ந்தெடுத்தால் வீட்டில் ஒருவர் நாள்காட்டியில் குறித்து, தினமும் ஞாபகப்படுத்த வேண்டும்.

மாத்திரை என்பதால் பக்கவிளைவு இல்லை என்றும் எண்ண வேண்டாம். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரிவது, வயிற்றுப்போக்கு, வாய்ப்புண் எல்லாம் வரலாம். அந்த நாட்களில் வெந்நீரில் பாத்திரம் கழுவும் வேலையை வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. கர்ப்பிணிகள் வெறுங்கையால் தொடக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாத்திரை வீட்டில் சாப்பிடுவது, ஆஸ்பத்திரியில் சேரவில்லை என்பதால் காப்பீடு கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டலில், காப்பீட்டு நிறுவனங்கள் ஒதுக்கிவிடக் கூடாத நவீன சிகிச்சைகளின் பட்டியலில் வாய்வழி கீமோதெரபியும் இருக்கிறது. ஆனால் பாலிசிக்குப் பாலிசி உச்சவரம்பு இருக்கலாம். ஆரம்பிக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கையா, போர்ட்டா, பிக் லைனா?

ட்ரிப்ஸ்தான் ஒரே வழி என்றாலும் அதை எந்த இடத்தில் ஏற்றுவது என்பதில் தேர்வு உண்டு.

கீமோ தொடரத் தொடரக் கையின் இரத்தக்குழாய்கள் தடித்து, சுருங்கிப்போகும். அக்குளில் நெறிகட்டிகளை அகற்றியிருந்தால் பொதுவாக அந்தப் பக்கக் கையில் ட்ரிப்ஸ் போடுவதைத் தவிர்ப்பார்கள். ஆக ஒரே கைதான் மிச்சம். நான்கு முறைதான் என்றால் சமாளித்துவிடலாம். வாராவாரம் பன்னிரண்டு முறை என்றால் நிலைமை வேறு.

போர்ட் என்பது காலர் எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், சிறு அறுவை செய்து பொருத்தும் கருவி. வெளியே எதுவும் தொங்காது. ஒவ்வொரு முறையும் அதன் மேல் தோலில் ஒரு குத்து மட்டும்தான். சிகிச்சை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். பிக் லைன் என்பது மேற்கையில் செருகி வெளியே நீண்டிருக்கும் மெல்லிய குழாய். அறுவை தேவையில்லை. ஆனால் வாராவாரம் கட்டு மாற்ற வேண்டும், நனையக் கூடாது.

பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2021-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், பிக் லைனைவிடப் போர்ட்டில் சிக்கல்கள் குறைவு என்று தெரியவந்தது. ஆனால் போர்ட்டுக்குச் செலவு உண்டு, அறுவை உண்டு, நெஞ்சில் ஒரு தழும்பும் மிஞ்சும். சிலருக்கு அந்தத் தழும்பு பொருட்டில்லை. சிலருக்கு, ஏற்கனவே ஒரு மார்பகத்தை இழந்த நிலையில், இன்னொரு தழும்பு தாங்க முடியாததாக இருக்கும். அதை அவர்தான் சொல்ல முடியும்.

நம் சகோதரிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி, உளூவும் குளிப்பும். போர்ட் பொருத்திய புண் ஆறிய பின் அது தோலுக்கடியில் இருப்பதால் உளூவுக்கும் குளிப்புக்கும் தடையில்லை. பிக் லைன் பெரும்பாலும் முழங்கைக்கு மேலே இருக்கும். எனவே உளூவில் முழங்கை வரை கவனமாகக் கழுவலாம், குளிப்பில்தான் அந்தக் கட்டு நனையாமல் காக்க வேண்டும். புறங்கையில் கேனுலா இருந்தால் அந்த இடத்தைக் கழுவ வேண்டியதில்லை, கட்டின் மேல் ஈரக் கையால் தடவும் சலுகை இருக்கிறது. அதன் கூடவே தயம்மும் செய்ய வேண்டுமா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தொழுகைக்காகக் கட்டைப் பிரிக்கவோ நனைக்கவோ மட்டும் வேண்டாம்.

வாராவாரமா, மூன்று வாரத்துக்கு ஒரு முறையா?

தூரத்திலிருந்து வரும் குடும்பங்களுக்கு இதுதான் பெரிய பிரச்சினை. கீழக்கரையிலிருந்தோ காயல்பட்டினத்திலிருந்தோ சென்னைக்கு வாராவாரம் வருவதென்றால் கூடவே ஒருவர் வேலையை விட வேண்டும், தங்க இடம் வேண்டும், வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். "எல்லாருக்கும் பாரமா இருக்கேனே" என்ற எண்ணம் நோயைவிட அதிகமாக அந்தப் பெண்ணை வாட்டும்.

பாக்லிடாக்ஸல் மருந்தைப் பொறுத்தவரை, ஏறத்தாழ 5 ஆயிரம் பெண்களிடம் நடந்து 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அதை மூன்று வாரத்துக்கு ஒரு முறை தருவதைவிட வாராவாரம் தருவது நல்ல பலனைத் தந்தது. எனவே மருத்துவர் "வாராவாரம்" என்றால் அதில் காரணம் இருக்கிறது. ஆனாலும் பயணச் சிரமத்தைச் சொல்லாமல் மறைக்காதீர்கள். அதே மருந்தை, அதே கால அட்டவணையில், உங்கள் மாவட்டத் தலைநகரில் ஏற்றிக்கொள்ளச் சீட்டு எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். பல நேரங்களில் வழி பிறக்கும். சொல்லாமலே இரண்டு வாரம் போகாமல் விடுவதுதான் ஆபத்து.

அருகில் இருப்பவரின் கணக்கும் நோயாளியின் கணக்கும்

1990-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. "மிகக் கடுமையான கீமோ எடுத்தால் குணமாக 1 விழுக்காடு மட்டுமே வாய்ப்பு. ஏற்பீர்களா?" என்று புற்றுநோயாளிகளிடமும், மருத்துவர்களிடமும், நர்ஸ்களிடமும், நோயற்றவர்களிடமும் கேட்டார்கள். நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் "ஏற்போம்" என்றார்கள். மற்றவர்களில் அப்படிச் சொன்னவர்கள் மிகக் குறைவு. அந்தப் படுக்கையில் இருப்பவரின் கணக்கு வேறு, அருகில் நிற்பவரின் கணக்கு வேறு. எவ்வளவு பாசம் இருந்தாலும் ஒருவருக்காக இன்னொருவர் இதை ஊகித்துவிட முடியாது.

நம் மார்க்கத்தில் இதற்குத் தெளிவான படிப்பினை இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் இறுதி நோயில் இருந்தபோது குடும்பத்தார் அவர்களுடைய வாயின் ஓரமாக மருந்து ஊற்ற முனைந்தார்கள். அப்படி ஊற்றும் மருந்துக்கு அரபியில் 'லதூத்' என்று பெயர். வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சைகை காட்டினார்கள். நோயாளிக்கு மருந்து பிடிக்காமல் போவது இயல்புதானே என்று எண்ணிக் குடும்பத்தார் ஊற்றிவிட்டார்கள். தெளிவு வந்ததும் நபி (ஸல்) அவர்கள் அதிருப்தி அடைந்தார்கள். வீட்டில் அப்போது இருந்த அனைவருக்கும் அதே போல ஊற்றும்படி சொன்னார்கள். அந்த நேரத்தில் அங்கு இல்லாத அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு மட்டும் விலக்கு.

சிந்தித்துப் பாருங்கள். ஊற்றியவர்கள் எதிரிகள் அல்லர், உயிருக்குயிரானவர்கள். நோக்கமும் நல்லதுதான். ஆனாலும் "நோயாளிதானே, அப்படித்தான் சொல்வார்" என்று அவருடைய விருப்பத்தை ஒதுக்கியது சரியாகவில்லை. அந்த வாக்கியத்தை நாம் இன்றும் எத்தனை ஆஸ்பத்திரி வராந்தாக்களில் கேட்கிறோம்!

1992-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் தனது 67-ஆம் தீர்மானத்தில், பருவமடைந்த, புத்தி சுவாதீனமுள்ள நோயாளிக்குச் சிகிச்சை தர அவருடைய சம்மதம் தேவை என்று சொல்லியிருக்கிறது. அதே தீர்மானம், சிகிச்சையை விட்டால் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் சிகிச்சை பெறுவது கடமை என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நம் வழி தெளிவாகிறது. சிகிச்சையைக் கைவிட நாம் துணைபோகக் கூடாது. சிகிச்சை எப்படி அமைய வேண்டும் என்பதில் அவருடைய குரலை அடக்கவும் கூடாது. கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதால் மனைவியைக் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடாது.

ரமளான் வந்தால்?

கீமோ எடுக்கும் பெண்கள் நோன்பை விட மனமில்லாமல் மருந்து நேரத்தைத் தாங்களே மாற்றிக்கொள்வதுண்டு. இது தவறு. நோயாளிக்கு நோன்பை விடும் சலுகையை அல்லாஹ்வே தந்திருக்கிறான். குணமான பின் களாச் செய்யலாம். குணமாகும் நம்பிக்கை இல்லாத நிலையில் ஃபித்யா இருக்கிறது. மருந்து நேரத்தை ஒரு மணி நேரம் நகர்த்துவதானாலும் மருத்துவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து நோயாளியிடம் பேசுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

1. இந்த மருந்துக்கு வேறு வழி உண்டா? ட்ரிப்ஸ், தொடை ஊசி, மாத்திரை இவற்றில் எவை இவருக்குச் சாத்தியம்?
2. அந்த வழிகளின் பலன் ஒன்றேதானா, அல்லது ஒன்று குறைவா?
3. மொத்தம் எத்தனை முறை? ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம்?
4. இவருடைய கை நரம்புகள் அத்தனை முறைக்கும் தாங்குமா? போர்ட் இப்போதே வைத்துவிடலாமா?
5. பெண் நர்ஸ், திரை, தனி இடம் கிடைக்குமா? (தயங்க வேண்டாம். பல ஆஸ்பத்திரிகளில் கேட்டால் ஏற்பாடு செய்கிறார்கள். கிடைக்காத நிலையில் ஆண் மருத்துவரிடமோ நர்ஸிடமோ சிகிச்சை பெறுவது தேவையின் அடிப்படையில் அனுமதிக்கப்பட்டதே. அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.)
6. ஊருக்கு அருகில் சில முறைகளை எடுத்துக்கொள்ள முடியுமா?
7. ஒவ்வொரு வழிக்கும் செலவு என்ன? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலோ சொந்தக் காப்பீட்டிலோ எது சேரும்?
8. இரவில் ஏதாவது ஆனால் யாரை அழைப்பது?

எந்த வழியில் மருந்து எடுத்தாலும் இரண்டு விஷயங்கள் மாறாது. ட்ரிப்ஸ் ஏறும்போது எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. வீட்டில் இருக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கீமோ காலத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும், சாதாரணக் காய்ச்சலும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை

ஹுதைபிய்யாவில் தோழர்கள் அனைவரும் மனம் கலங்கி நின்ற வேளையில், நபி (ஸல்) அவர்கள் கூடாரத்துக்குள் சென்று தம் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் மனம்விட்டுப் பேசினார்கள், அவர்கள் சொன்ன யோசனையை ஏற்றார்கள். ஊர்ப் பொது விஷயத்திலேயே மனைவியின் கருத்துக்கு அவ்வளவு இடம் இருக்கும்போது, அவருடைய சொந்த உடம்பின் விஷயத்தில் அவரைக் கேட்காமல் இருப்பது எப்படி?

நம் உம்மாமார்களும் லாத்தாமார்களும் தாமாக வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். "எதுவானாலும் சரி, உங்க இஷ்டம்" என்றுதான் முதலில் பதில் வரும். அந்தப் பதிலோடு நிறுத்திவிடாதீர்கள். இன்னொரு முறை, தனியாக இருக்கும்போது, அவசரமில்லாமல் கேளுங்கள். உங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டால் மகளையோ சகோதரியையோ கேட்கச் சொல்லுங்கள். அன்று என் மனைவியிடம் சொன்ன அந்தச் சகோதரி, தம் கணவரிடம் மூன்று மாதமாக அதைச் சொல்லாமல் இருந்தார் என்பதை நினைவில் வையுங்கள்.

நோயுற்றிருக்கும் நம் தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களுக்குப் பணிவிடை செய்யும் குடும்பத்தாருக்கு நிறைவான நற்கூலியையும், நோயாளியின் பேச்சைப் பொறுமையோடு கேட்கும் மனதையும் தருவானாக. ஆமீன்.